தோட்ட ரயிலுக்குப் பழைய மரம்: தேக்குச் சட்டமா, பேலட் பைனா, பலாவா, பனையா?

தோட்டத்தில் சின்ன மாதிரி ரயிலுக்குப் பாதை போட்டு வண்டி ஓட ஆரம்பித்ததும் அடுத்த ஆசை தானாக வந்துவிடும். ஒரு ஸ்டேஷன், ஒரு மரப்பாலம், தண்ணீர்த் தொட்டி, சரக்குக் கொட்டகை. ஆயத்தமாகக் கிடைக்கும் பிளாஸ்டிக் கட்டடங்கள் பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்து வர வேண்டியவை. தபால் செலவும் சுங்கமும் சேர்ந்தால் கையைக் கடிக்கும். இங்கேயோ ஓட்டு வீடுகளை இடிக்கும் இடமெல்லாம் நல்ல மரம் வெளியே வந்துகொண்டிருக்கிறது. அதை வைத்து நாமே செய்துவிடலாம் என்று தோன்றுவது இயல்புதான், சரியான யோசனையும்கூட.

எந்தப் பழைய மரம் என்பதில்தான் குழப்பம். இந்தப் பொழுதுபோக்கைப் பற்றிய வீடியோக்களில் பெரும்பகுதி அமெரிக்காவிலிருந்து வருகிறது. அங்கே பழைய வேலிப் பலகைகளைக் கழற்றி, மெல்லிய குச்சிகளாக அறுத்து, பாலம் கட்டிக் காட்டுவார்கள். அந்த வேலிப் பலகை பெரும்பாலும் சிடார் அல்லது ரெட்வுட். இரண்டின் வைரப் பகுதியும், அதாவது நடுவிலுள்ள முதிர்ந்த மரமும், மருந்து எதுவும் இல்லாமலே அழுகலைத் தாங்கும். அவர்களுடைய பாலம் நிற்பதற்கு அந்த மர இனம்தான் காரணம். அதைப் பார்த்துவிட்டு இங்கே கம்பெனி வாசலில் கிடக்கும் பேலட்டை, அதாவது சரக்கு அடுக்கும் மரத்தட்டை, எடுத்து அறுத்தால் அதே பலன் கிடைக்காது.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வெயிலிலும் மழையிலும் நிரந்தரமாக நிற்கப்போகும் எதற்கும் பழைய தேக்கின் வைரப் பகுதியைத் தவிர வேறு எதையும் நான் பரிந்துரைக்க மாட்டேன். பலாவுக்கு ஒரு நல்ல இடம் உண்டு. பேலட்டில் கிடைக்கும் பைனுக்குச் சின்ன இடம் உண்டு. மற்றவற்றை ஏன் விடலாம் என்பதையும் பார்ப்போம்.

எவ்வளவு மரம் தேவை?

இந்தக் கணக்கைப் போடாமல் யாரும் மரம் தேர்ந்தெடுக்கக் கூடாது என்பேன். போட்டுப் பார்த்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

ஜெர்மனியின் லேமன் நிறுவனம் எல்.ஜி.பி. என்ற பெயரில் 1968-இல் கொண்டுவந்த அளவுதான் இன்றும் தோட்ட ரயிலில் பரவலாக உள்ளது. தண்டவாள இடைவெளி 45 மி.மீ., மாதிரி அளவு 1:22.5. 45-ஐ 22.5-ஆல் பெருக்கினால் ஏறக்குறைய 1,000 மி.மீ., அதாவது மீட்டர் கேஜ். மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு ஏறும் நீலகிரி மலை ரயிலும் மீட்டர் கேஜ்தான். அதனால் நம் ஆட்களுக்கு இந்த அளவு கச்சிதமாகப் பொருந்துகிறது. அதன் பல்சக்கரப் பாதையையும் செய்து பார்க்க ஆசைப்படுபவர்களுக்கு எல்.ஜி.பி. பல் தண்டவாளமும் தயாரித்திருக்கிறது.

இந்த அளவில் 7 அடி உயரக் கதவு 95 மி.மீ. ஆகும். நம் மீட்டர் கேஜ் பாதைகளில் தண்டவாளத்துக்குக் கீழே குறுக்கே கிடந்த பழைய மரக்கட்டை, அதாவது ஸ்லீப்பர், 6 அடி நீளம், 8 அங்குல அகலம், 4½ அங்குல கனம். மாதிரியில் அது 81 மி.மீ. நீளமும் 9 மி.மீ. அகலமும் 5 மி.மீ. கனமும் உள்ள ஒரு துண்டு. அமெரிக்க மரப்பாலத்தின் 12 அங்குலச் சதுரத் தூண் இங்கே 14 மி.மீ. சதுரக் குச்சி.

இப்போது ஒரு பாலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1 மீட்டர் நீளம், 30 செ.மீ. உயரம். இருபது சென்டிமீட்டருக்கு ஒரு தூண்வரிசை என்று வைத்தால் ஆறு வரிசை. ஒவ்வொன்றிலும் ஐந்து தூண், மேலே ஒரு விட்டம், கீழே ஒரு படுக்கைக் கட்டை. எல்லாம் கூட்டினால் 14 மி.மீ. குச்சி ஏறக்குறைய 12½ மீட்டர் வேண்டும். கேட்க நிறைய போலத் தெரியும். ஆனால் பழைய வாசல் நிலைச் சட்டம் ஒன்றின் குறுக்களவு 4 அங்குலத்துக்கு 3 அங்குலம். ரம்பத் தடிமன் 2½ மி.மீ. போனாலும் அதிலிருந்து ஆறு வரிசையில் நான்கு, அதாவது 24 குச்சிகள் வரும். 2 அடி நீளச் சட்டம் இருந்தால் 14 மீட்டருக்கு மேல் கிடைத்துவிடும். கதவு உட்காரும் காடி, ஆணி ஓட்டை, குறுக்குப் பட்டைகள் எல்லாவற்றுக்கும் சேர்த்து 3 அடி என்று வைத்துக்கொள்ளுங்கள். கால் கன அடி மரம். அவ்வளவுதான் ஒரு முழுப் பாலத்துக்கு.

கால் கன அடியில் தேக்குக்கும் பேலட் மரத்துக்கும் உள்ள விலை வித்தியாசம், அந்தப் பாலத்தை அறுத்து, இழைத்து, ஒட்டிச் சேர்க்கப் போகும் விடுமுறை நாட்களுக்கு முன்னால் ஒன்றுமே இல்லை. இலவசமாகக் கிடைத்த மரம் இரண்டாவது மழைக்காலத்தில் உளுத்துப்போனால் நட்டம் மரத்தில் இல்லை, வேலையில்.

எதை வைத்து ஒப்பிடுவது?

பலம் என்பதை முதலில் பட்டியலிலிருந்து எடுத்துவிடலாம். மேலே ஓடுவது சில கிலோ எடையுள்ள வண்டி. 14 மி.மீ. குச்சி எந்த மரமாக இருந்தாலும் தாங்கும். பார்க்க வேண்டியவை வேறு.

முதலாவது, கறையானும் பூஞ்சையும். இரண்டாவது, மெல்லிய குச்சியாக அறுத்தபின் மரம் வளையாமல், பிளக்காமல் நிற்குமா என்பது. மூன்றாவது, ரேகையின் பருமன். உண்மையான கட்டடத்தில் யாரும் கவனிக்காத ரேகை, மாதிரியில் 22 மடங்கு பெரிதாகத் தெரியும், 0.3 மி.மீ. துளை 7 மி.மீ. பள்ளத்துக்குச் சமம். நான்காவது, பசை பிடிக்குமா. இந்த நான்கையும் ஒரே மரம் முழுமையாகத் தருவதில்லை. தேக்கு முதல் இரண்டில் முதலிடம், மூன்றாவதில் சுமார், நான்காவதில் கொஞ்சம் பிடிவாதம். இருந்தும் அதைத் தேர்ந்தெடுப்பதற்குக் காரணம், முதல் இரண்டில் தோற்றால் மற்ற இரண்டும் பயன்படாது என்பதுதான்.

பழைய தேக்கு

காரைக்குடியின் முனீஸ்வரன் கோயில் தெருவுக்குப் போயிருப்பவர்களுக்குத் தெரியும், செட்டிநாட்டு வீடுகளிலிருந்து இறங்கிய பர்மா தேக்கு எப்படி இருக்கும் என்று. அந்த அளவுக்குப் போக வேண்டியதில்லை. எந்த ஊரிலும் இடிப்புச் சாமான் விற்கும் கடையில் உடைந்த ஜன்னல், பாதி நிலை, கைப்பிடிச் சட்டம் என்று ஒரு மூலையில் குவித்திருப்பார்கள். முழு நிலைக்கும் கதவுக்கும்தான் அங்கே மதிப்பு. 3 அடிக்குக் குறைந்த துண்டை வீட்டு வேலைக்கு யாரும் கேட்பதில்லை என்பதால், சில கடைகளில் எடை போட்டே கொடுத்துவிடுவார்கள். நமக்கு வேண்டியது சரியாக அந்தத் துண்டுகள்.

தேக்கின் வைரத்தில் இயல்பாகவே எண்ணெய்ப்பசையும், கறையானுக்கு ஒவ்வாத சில வேதிப்பொருள்களும் இருக்கின்றன. அதைவிட நமக்கு முக்கியம், ஈரம் ஏறி இறங்கும்போது அது மிகக் குறைவாகவே விரிந்து சுருங்கும். பல வருஷம் ஒரு சுவருக்குள் இருந்து ஆறிய மரம் என்றால் இன்னும் நல்லது. 3 மி.மீ. பட்டையாக அறுத்துப் போட்டாலும் அடுத்த நாள் வில்லாக வளைந்து கிடக்காது.

ஆனால் தேக்கு என்றாலே எல்லாம் ஒன்று இல்லை. வைரத்தைச் சுற்றியிருக்கும் வெளிறிய வெள்ளைப் பகுதிக்கு இந்தக் குணம் எதுவும் கிடையாது. கறையான் அதைச் சாதாரண மரம்போலத் தின்னும். சமீபத்தில் கட்டிய வீடுகளில் போட்ட இளம் தோட்டத் தேக்கில் வெள்ளை அதிகம். பழைய சட்டத்தை வாங்கும்போது ஒரு முனையை அரை அங்குலம் புதிதாக அறுத்துக் காட்டச் சொல்லுங்கள். நல்ல தேன் பழுப்பு நிறமும், தோல் பதனிட்ட வாசனை மாதிரி ஒரு மணமும் வந்தால் வைரம். ஓரத்தில் வெண்மஞ்சள் பட்டை தெரிந்தால் அந்த அளவை அறுத்துத் தள்ளிவிட வேண்டும்.

குறைகளும் இருக்கின்றன. தேக்கில் சிலிக்கா உண்டு, ரம்பத்தின் கூர் சீக்கிரம் மழுங்கும். கார்பைடு பல் வைத்த மெல்லிய பிளேடு கட்டாயம். தூள் சிலருக்குத் தோல் அரிப்பையும் தும்மலையும் கொண்டுவரும், முகக்கவசம் இல்லாமல் அறுக்காதீர்கள். எண்ணெய்ப்பசை இருப்பதால் பசை சரியாகப் பிடிக்காது. ஒட்டப்போகும் முகத்தை அப்போதுதான் உப்புத்தாள் போட்டு, அசிட்டோன் நனைத்த துணியால் துடைத்து, அது காய்ந்த உடனே பசை தடவ வேண்டும். முந்தின நாளே துடைத்து வைத்தால் உள்ளிருந்து எண்ணெய் மறுபடி மேலே வந்துவிடும்.

இன்னொன்று, ரேகைத் துளைகள். தேக்கில் ஒவ்வொரு வளையத்தின் தொடக்கத்திலும் கண்ணுக்குத் தெரியும் துளை வரிசை இருக்கும். பாலத்தின் தூண்களில் அது குறையே இல்லை. முரட்டு மரத்தூண் அப்படித்தான் இருக்க வேண்டும். ஸ்டேஷனின் கதவு, ஜன்னல் சட்டம் போன்ற நுண்ணிய வேலைகளில்தான் உறுத்தும்.

பேலட் மரம்

எளிதாகக் கிடைப்பது இதுதான், பலரும் முதலில் தொடுவதும் இதுதான். இதில் இரண்டு வகையைப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

வெளிநாட்டிலிருந்து இயந்திரங்களோடு வரும் பெட்டிகளும் பேலட்களும் பெரும்பாலும் பைன் அல்லது அதன் உறவுமரங்கள். அவற்றில் கோதுமைக் கதிர்போல ஒரு சின்னமும் பக்கத்தில் எழுத்துகளும் சூடு போட்டிருக்கும். ‘எச்.டி.’ என்றால் மரத்தின் நடுப்பகுதிவரை 56 டிகிரி செல்சியஸ் வெப்பம் 30 நிமிடம் ஏற்றியது. ‘எம்.பி.’ என்றால் மெத்தில் புரோமைடு புகை போட்டது; அதைத் தொடவே வேண்டாம். எச்.டி. முத்திரையைப் பார்த்துவிட்டு, மரத்தைப் பதப்படுத்தியிருக்கிறார்கள், பூச்சி வராது என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். அப்படி இல்லை. அந்த வெப்பம் ஏற்கெனவே உள்ளே இருக்கும் பூச்சியைக் கொல்வதற்கு. நாளைக்கு உங்கள் தோட்டத்தில் வரப்போகும் கறையானுக்கு அந்த மரம் எந்தத் தடையும் போடாது.

உள்ளூரில் அடிக்கும் பேலட்கள் இன்னொரு வகை. ரப்பர் மரம், சில்வர் ஓக், யூகலிப்டஸ், பெயர் தெரியாத பலவகைக் காட்டு மரங்கள் என்று ஒரே பேலட்டில் நாலு மரம் இருக்கும். பலதும் பச்சையாகவே அடித்தவை. அறுத்த குச்சிகள் ஒன்றுக்கொன்று வேறு மாதிரி வளையும். ரப்பர் மரத்தைத் துளைப்பூச்சி தேடி வந்து பிடிக்கும். இதை வெளியில் வைக்கும் எதற்கும் எடுக்க வேண்டாம்.

சரி, பைனுக்கு என்ன பயன்? அறுக்க, செதுக்க, ஒட்ட இதைவிட இலகுவான மரம் இல்லை. பசை பிரமாதமாகப் பிடிக்கும். பாலத்தின் ஒரு தூண்வரிசையைச் சரியான கோணத்தில் செய்து பழக, ஸ்டேஷனை முழு அளவில் கட்டிப் பார்த்து உயரமும் பிளாட்பாரத்தின் இடைவெளியும் சரிதானா என்று வண்டியை ஓட்டிப் பரிசோதிக்க, இது அருமையான மரம். மழைக்காலத்தில் வீட்டுக்குள் எடுத்து வைக்கப்போகும் சரக்குக் கொட்டகை, வண்டிகளில் ஏற்றும் மரப்பெட்டி, தடிச் சுமை போன்றவற்றுக்கும் தாராளமாகப் பயன்படுத்தலாம். போராக்ஸ், போரிக் அமிலக் கரைசலில் ஊறவைத்தால் பூச்சிக்குத் தாங்கும் என்பது உண்மை. ஆனால் மேலே பெயின்ட் பூசி மூடாவிட்டால் மழைநீர் அந்த உப்பைக் கரைத்துக்கொண்டு போய்விடும். மண்ணை ஒட்டி நிற்கும் மரத்துக்கு அந்த வைத்தியம் உதவாது.

பலா

இந்த மரத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை என்பது எனக்கு வருத்தம். கன்னியாகுமரி பக்கமும் கேரள எல்லையோர ஊர்களிலும் பழைய வீடுகளில் கதவு, அலமாரி, கட்டில் எல்லாம் பலாவில் இருக்கும். தஞ்சாவூர் வீணைக்கும் மிருதங்கத்துக்கும் எடுக்கும் மரம். புதிதில் மஞ்சளாக இருந்து, வயது ஏற ஏறச் செம்பழுப்பாகும். வைரப்பகுதி கறையானை நன்றாகவே தாங்கும். கூர்மையான உளிக்கு வழுவழுப்பான முகம் கொடுக்கும்.

ரேகை அங்கங்கே முறுக்கிப் போகும் என்பதுதான் சிக்கல். அதனால் நீளமான மெல்லிய குச்சிக்கு இதை எடுக்காதீர்கள். இழைக்கும்போது ஒரு இடத்தில் பிய்ந்து வரும், இன்னொரு இடத்தில் வழுக்கிப் போகும். சின்னச் சின்னத் துண்டுகளாக வேண்டிய வேலைக்கு இது பொன். உதாரணமாக, நம் பழைய ரயில் நிலையங்களில் பிளாட்பாரக் கூரையின் விளிம்பில் கூர்முனைப் பலகைகள் வரிசையாகத் தொங்குமே, அதைச் செய்யப் பலாவை மிஞ்ச எதுவும் இல்லை. ஒவ்வொரு பலகையும் 5 மி.மீ. அகலம், 2 மி.மீ. கனம். பத்துப் பன்னிரண்டைச் சேர்த்துப் பட்டையால் இறுகக் கட்டி, முனைகளை ஒரே வெட்டில் கூராக்கி, பிரித்து ஒட்ட வேண்டும். தேக்கில் இதே வேலையைச் செய்தால் துளை வரிசை வரும் இடத்தில் நுனி உடைந்து போகிறது. பலாவில் நிற்கிறது.

பனை, மா, பிளைவுட், பழைய ஸ்லீப்பர்

ஓட்டு வீடு பிரிக்கும்போது அதிகம் கிடைப்பது பனங்கை, கூரைக்குப் போட்ட பனைச் சட்டம். கறுத்து, இரும்பாக இருக்கும் அதைப் பார்த்தால் தூண்களுக்கு எடுக்கலாம் என்று கை துடிக்கும். பனையில் வளையமும் வைரமும் மற்ற மரங்கள்போல அமைவதில்லை. கெட்டியான கறுப்பு நார்க் கற்றைகள் மென்மையான சோற்றுக்குள் புதைந்திருக்கும். 4 அங்குலக் கட்டையாக இருக்கும்போது அந்தச் சேர்க்கை அபார பலம். 10 மி.மீ. குச்சியாக அறுத்தால் நார் நாராகப் பிரிந்து, கையில் சிராய் ஏற்றும். அறுக்காமல் முழுத் துண்டாகவே பயன்படுத்தலாம் என்றால் மட்டும் எடுங்கள். உயர்த்திய பாதைக்குப் பாத்தியின் ஓரத்தில் கரை கட்ட அது நல்ல பொருள்.

மாமரத்தை விட்டுவிடுங்கள். வெளியில் வைத்தால் சீக்கிரம் நீலம் பூத்து உளுத்துவிடும். சென்ட்ரிங் அடித்துத் தூக்கிப் போட்ட பிளைவுட்டும் அப்படித்தான். அறுத்த ஓரத்தில் நீர் ஏறி அடுக்குகள் பிரியும். பழைய அலமாரியின் துகள்பலகையைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

பழைய ரயில்வே ஸ்லீப்பரைப் பற்றி மட்டும் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும். ரயில் பிரியர்களுக்கு அதன்மேல் ஒரு பாசம் உண்டு. உண்மையான பாதையில் கிடந்த கட்டையை அறுத்து மாதிரிப் பாதைக்கு ஸ்லீப்பர் செய்வது எவ்வளவு அழகான எண்ணம்! ஆனால் அவற்றில் பெரும்பகுதி கிரியோசோட் என்ற தார் எண்ணெய் ஊறியவை. அதில் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்கள் இருக்கின்றன. அறுத்தால் அந்தத் தூள் மூச்சிலும் தோலிலும் படும். பிள்ளைகள் தொட்டு விளையாடும் ஒரு பொருளை அதில் செய்யக் கூடாது. முழுக் கட்டையாகத் தோட்டத்தில் உட்காரும் இடமாகப் போடுவதையும் நான் தவிர்ப்பேன்.

பழைய பெயின்ட் அடித்த கதவு, ஜன்னலுக்கும் இதே எச்சரிக்கை. வீட்டுப் பெயின்ட்டில் ஈயத்தை 90 பி.பி.எம்.-க்குள் (பத்து லட்சத்தில் 90 பங்குக்குள்) கட்டுப்படுத்தும் விதி நம் நாட்டில் நடைமுறைக்கு வந்தது 2017 நவம்பரில்தான். அதற்கு முந்தைய பச்சை, நீல, மஞ்சள் பூச்சுகளில் ஈயம் இருக்கும் என்றே வைத்துக்கொண்டு வேலை செய்ய வேண்டும். உப்புத்தாளோ சாண்டரோ போட்டுத் தூளாக்காதீர்கள். பெயின்ட் உள்ள முகத்தை 3 மி.மீ. அளவுக்கு இழைப்புளியால் சீவலாக எடுத்து, அந்தச் சீவலை அடுப்பில் போடாமல் கட்டி ஒதுக்கிவிடுங்கள். வார்னிஷ் மட்டும் அடித்த துண்டு கிடைத்தால் அதையே எடுப்பது நல்லது.

எந்தக் கட்டுமானத்துக்கு எது?

மரப்பாலம் கட்ட நினைப்பவர்கள் ஒன்றை யோசிக்க வேண்டும். நீலகிரிப் பாதையில் பாலங்கள் பெரும்பாலும் கல்தூணும் இரும்பு உத்திரமும். உயரமான மரக்கால் பாலம் வட அமெரிக்காவின் அடையாளம். கலிபோர்னியாவின் கோட் கேன்யனில் 1930-களின் தொடக்கத்தில் ரெட்வுட்டில் எழுப்பிய பாலம் சுமார் 186 அடி உயரம், வளைவில் நிற்கிறது. மலை ரயிலை அப்படியே கொண்டுவர ஆசைப்பட்டால் பாலத்தைக் கல்லிலும் சிமென்ட்டிலும் செய்யுங்கள், மரத்தை ஸ்டேஷனுக்கு வைத்துக்கொள்ளுங்கள். அமெரிக்க மலைப்பாதை என்றால் மரப்பாலம்தான் தோட்டத்தின் நாயகன், அதற்குத் தேக்கு மட்டுமே.

அந்தப் பாலத்தின் ஒரு தூண்வரிசையை எப்படிச் செய்வது என்று சொன்னால் மரத்தின் தேவை புரியும். ஒரு பலகையில் வரிசையின் படத்தை முழு அளவில் வரைந்து, கோட்டோரமாகச் சின்னக் கட்டைகளை அறைந்து அச்சு தயாரிக்க வேண்டும். நடுத்தூண் செங்குத்தாக நிற்கும். வெளித் தூண்கள் இரண்டும் அடியில் அகன்று சாய்ந்திருக்கும். அந்தச் சாய்வால் தூணின் இரு முனைகளும் கோணலாக வெட்டப்படும். இங்கேதான் மரம் சோதிக்கப்படுகிறது. வெட்டிய முனை, நீரை உறிஞ்சும் திறந்த குழாய்களின் வாய். அந்த முனைக்கு எபாக்ஸிப் பசையை மெல்லிசாக இரண்டு கை தடவி, ஊறவிட்டுப் பிறகு ஒட்ட வேண்டும். ஒட்டியபின் 1 மி.மீ. துளை போட்டுப் பித்தளை ஆணி அடிக்கவும். இரும்பு ஆணி அடித்தால் மரத்திலுள்ள துவர்ப்புப் பொருளோடு சேர்ந்து கருங்கறை இறங்கும், கடலோர ஊர்களில் துருப்பிடித்து ஆணித்தலையே காணாமல் போகும். குறுக்குப் பட்டைகளை ஒவ்வொரு தூணிலும் ஆணியால் பிடிக்க வேண்டும், பசையை மட்டும் நம்பக் கூடாது. இத்தனை மூட்டுகள் உள்ள ஒரு பொருளில் பைனைப் போட்டால், முதலில் போவது கண்ணுக்குத் தெரியாத அடிமூட்டுகள்தான்.

தேக்கே ஆனாலும் மண்ணில் நடக் கூடாது. அடிக்கட்டைக்குக் கீழே 5 செ.மீ. உயரச் சிமென்ட் பீடம், அதன் மேல்முகம் லேசாக வெளிப்பக்கம் சரிந்து, நீர் தேங்காமல் இருக்க வேண்டும். கறையான் வெளிச்சத்தில் நடக்காது. மண்ணால் குழாய்போலக் கோடு கட்டிக்கொண்டுதான் ஏறும். பீடம் வெளியே தெரிந்தால் அந்த மண் கோட்டைச் செடிக்குத் தண்ணீர் ஊற்றும்போதே பார்த்துத் தட்டிவிடலாம். புல்லும் சருகும் பீடத்தை மூடிவிட்டால் பார்க்க வழியில்லை.

ஸ்டேஷனுக்கு முழுக்க மரம் தேவையே இல்லை. நம் ஊர் ஸ்டேஷன்கள் கல், செங்கல் சுவர்கள். சுவரைச் சிமென்ட் பலகையில் செய்து, கதவு, ஜன்னல், கூரைச் சட்டம், விளிம்புப் பலகைகளுக்கு மட்டும் மரம் எடுத்தால் வேலையும் சரியாக அமையும். கூரைச் சட்டத்துக்குத் தேக்கு, மற்ற நுண்வேலைக்குப் பலா. கூரையைச் சுவரோடு ஒட்டாமல் தூக்கி எடுக்கும்படி வைத்தால் உள்ளே பல்லியும் எறும்பும் குடியேறுவதைக் கவனிக்கலாம்.

தண்ணீர்த் தொட்டியின் உருளைக்குச் சாய்வாகச் சீவிய பலகைகள் வட்டமாக நிற்க வேண்டும். தேக்கு இதற்கு நல்லது, பலா சரிப்படாது. வேலி, தந்திக் கம்பம், பெயர்ப்பலகைக் கால் போன்றவை மெலிசானவை, மண்ணுக்குப் பக்கத்தில் நிற்பவை. பாலத்தில் மிஞ்சிய தேக்குக் குச்சிகளே போதும்.

பூச்சும் பருவமும்

தேக்குக்குப் பெயின்ட் வேண்டாம். பூசாமல் விட்டாலும் வெயில் மேற்பரப்பைச் சாம்பல் நிறமாக்கும், உள்ளே ஒன்றும் ஆகாது. பாலத்துக்கு அந்தச் சாம்பல் நிறம் அழகு. நிறம் அப்படியே இருக்க வேண்டுமென்றால் ஆளிவிதை எண்ணெயைத் தின்னரில் கலந்து, வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால், செப்டம்பர் முடிவதற்குள் ஒருமுறை தடவுங்கள். எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள், தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் காயப்போட வேண்டும். முந்திரிக்கொட்டை ஓட்டு எண்ணெய் படகுகளுக்குப் பூசும் பழைய வழி. பாலத்தின் அடிக்கட்டைகளுக்கு அது மிக நல்லது. கறுப்பாக்கும், கையில் பட்டால் புண்ணாக்கும், உறை போட்டுக்கொண்டு பூசுங்கள்.

பசையில் சாதாரண வெள்ளைப் பசை மழையில் இளகிவிடும். தண்ணீர் தாங்கும் ரகம் என்று டப்பாவிலேயே போட்டிருப்பதை வாங்குங்கள்.

கடைக்குப் போகும்போது ஒரு காந்தமும் பேனாக்கத்தியும் கையில் இருக்கட்டும். காந்தத்தைச் சட்டம் முழுக்க ஓட்டி, ஆணி ஒட்டும் இடத்தைச் சாக்பீஸால் குறியுங்கள். உள்ளே முறிந்து கிடக்கும் ஓர் ஆணி நல்ல பிளேடைப் பாழாக்கிவிடும். நிலையின் அடிப்பாகம், தரையில் புதைந்திருந்த அந்த அரை அடி, எப்போதும் சந்தேகத்துக்குரியது. கத்திமுனை எளிதாக இறங்கினால் அதை விட்டு மேல்பக்கம் எடுங்கள். அறுத்த குச்சிகளை உடனே ஒட்டாமல், இடையிடையே மெல்லிய குச்சி வைத்து அடுக்கி, நிழலில் இரண்டு வாரம் விட்டுவிடுங்கள். வளைவது எதுவோ அதற்குள் வளைந்துவிடும். அவற்றைச் சின்னத் துண்டுகளாக வெட்டி ஸ்லீப்பருக்கும் வேலிக்கும் ஒதுக்கிவிட்டு, நேராக நின்றவற்றைப் பாலத்துக்கு எடுத்துக்கொள்ளுங்கள்.